மணியக்காரர் வீட்டுக் காளை

ஒரே ஒரு ஊருல, தூர்ந்துபோன ஒரு பெரிய கண்மாய்க்குக் கீழே, சடைச்சின்னு ஒருத்தி மூணு பிள்ளைகளோட இருந்தா. மணியக்காரர் உடையப்பன் வீட்டுத் தொழுவத்துல சாணி அள்ளுறதுதான் அவ வேலை. ஊரே அவளை 'மக்குச் சடைச்சி'ன்னுதான் கூப்பிடும்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. மணியக்காரர் வீட்டுக் காளையோட கால் முதல்ல வயல் மண்ணுல படணும், அப்புறந்தான் மத்தவங்க விதைக்கலாம். ஐப்பசி முதல் தேதி காளை இறங்கும், மழையும் இறங்கும். அப்படியே இருந்த மழை மாறிப்போச்சு. புரட்டாசியிலேயே கொட்டித் தீர்த்துட்டு, ஐப்பசியில ஓடிப்போச்சு. முதல் வருசம் பயிர் கருகுச்சு. ரெண்டாம் வருசமும் கருகுச்சு. மூணாம் வருசமும் கருகுச்சு. ஆனா காளை மட்டும் ஐப்பசியிலதான் இறங்குச்சு. ஏன் தெரியுமா? மணியக்காரருக்குக் கிணறு இருந்துச்சு. ஊரு வயல் காஞ்சாத்தானே, எல்லாரும் ஒரு வாய்க் கஞ்சிக்கு அவரு கிணத்துல மாடு பூட்டிக் கமலையில தண்ணி இறைக்க வருவாங்க!

நாலாம் வருசம் சடைச்சிகிட்ட மிஞ்சினது ஒரு துண்டு வயலும், ஒரு ஓலைக்கொட்டான் விதைநெல்லுந்தான். இதுவும் கருகினா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். புரட்டாசி பிறந்ததும் எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு மேடேறுறதைப் பார்த்தா. பார்த்துட்டு மணியக்காரர்கிட்ட போனா.

"ஐயா, காளையை இறக்குங்க, மழை வருது."

"போடி மக்கு, மழை உன் காதுல வந்து சொல்லுச்சாக்கும்?"

மறுநாளும் கேட்டா, திட்டினாரு. மூணாம் நாளும் கேட்டா, விரட்டினாரு.

நாலாம் நாள் விடியக்காலையில, மடி நிறையப் பருத்திக்கொட்டையைக் கட்டிக்கிட்டு, காளையோட கயித்தை உருவிவிட்டுட்டு, திரும்பிப் பார்க்காம நடந்தா. வாசம் பிடிச்சுக்கிட்டு காளையும் பின்னாலேயே வந்துச்சு. வரப்பேறி, வாய்க்கால் தாண்டி, வயலுக்குள்ளே தொம்முன்னு இறங்கிருச்சு!

ஊரே கூடிருச்சு. மணியக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடிவந்தாரு. "இது செல்லாது! செல்லவே செல்லாது!"

சடைச்சி ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேட்டா. "ஐயா, இது உங்க காளைதானே?"

"ஆமா."

"மண்ணுல பட்டது அது கால்தானே?"

"ஆமா, அதனால?"

"செல்லும்னா நாங்க விதைக்கிறோம். செல்லாதுன்னா உங்க காளைக் காலுக்கு மதிப்பே இல்லைன்னு ஆகுது. இனிமே யாரும் காத்திருக்க வேண்டாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மணியக்காரர் காளையை ஓட்டிக்கிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாரு. ஊரு கொல்லுன்னு சிரிச்சுச்சு.

ஆனா பாதிப் பேருகிட்ட விதையே இல்லை, பசிக்குக் குத்தித் தின்னுட்டாங்க. சடைச்சி தன் கொட்டானை நடுவுல கவுத்தா. அதைப் பார்த்து ஒருத்தி ஒளிச்சுவச்ச விதையைக் கொண்டாந்தா, இன்னொருத்தர் ஏரைக் கொண்டாந்தாரு, எல்லாரும் சேர்ந்தே உழுது விதைச்சாங்க. மூணாம் நாள் பிடிச்சுதே மழை!

மணியக்காரர் வீம்புக்கு ஐப்பசியில விதைச்சாரு. மழை இல்லை. கிணத்துல தண்ணி கிடந்துச்சு, இறைக்கத்தான் ஆளில்லை. எல்லாரும் அவங்கவங்க பயிருக்குக் காவல்! அவரே கமலையை ஓட்டி, கை கொப்புளிச்சு, கடைசியில பயிரும் போச்சு. தை மாசம் சடைச்சி வாசல்ல தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு.

"காளைக்குக் கொஞ்சம் வைக்கோலு..."

"அள்ளிக்கோங்க ஐயா. அடுத்த வருசம் எப்ப விதைக்கிறதுன்னு ஊரு கூடிப் பேசப்போறோம். நீங்களும் வாங்க. எடம் இருந்தா உட்காரலாம்."

மழை மாறினா ஊரும் சேர்ந்து மாறணும் கண்ணுகளா. ஒத்தை ஆளு வாயைப் பார்த்துக்கிட்டு நின்னா வயித்துல ஈரத்துணிதான். அவங்க வீட்டுல புதுநெல்லு கொதிக்குது, நம்ம வீட்டுல கதை ஆறிப்போச்சு.