களஞ்சியம் பிடித்த சொறிக்குடை

வள்ளம் கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து பூமயில் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கடல்பாசி பறிக்கிற பெண்களுக்கு அதுதான் கையுறை, பாறை கிழிக்காது. சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். பிள்ளை பெறுவதற்கு முன்னால், கடைசியாகக் கடலில் இறங்கியபோது, ஒரு சொறிமீன், அந்தக் கொட்டுகிற ஜெல்லிமீன், அவள் கையில் சவுக்கால் அடித்த மாதிரி தடம் போட்டிருந்தது. இன்றைக்கும் காற்று மாறிச் சொறி ஒதுங்கியிருக்கிறதாம். பயந்துபோய் இறங்காமல் இருந்தால், நாளைக்கு அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் இருந்த களஞ்சியம் அக்கா தன் கதையை ஆரம்பித்தாள். ஒருதடவை அண்டாத் தண்டி பெரிய சொறி ஒன்று தன் காலைச் சுற்றியதாம். ஏன் கொட்டினாய் என்று பிடித்து விசாரித்தாளாம். உன்மேல் கோபமில்லை அக்கா, என் நூல் பூராவும் பொடி ஊசி, எது உரசினாலும் தானாக வெடிக்கும், எனக்கே தெரியாது என்று அது அழுததாம்.

"மூளையே இல்லாதது பேசுச்சாக்கும்," என்றாள் எதிரே இருந்த செல்லக்கனி.

"மூளை இருந்தாத்தான் பேசணும்னா இந்த வள்ளத்துல யாருடி பேசுறது?"

அடுத்தது கல்யாணப் பந்தல் தண்டி. அதன் நூல் பாம்பன் பாலத்தில் சிக்கி ரயிலே நின்றுவிட்டதாம். களஞ்சியம்தான் ஒற்றைக் கையால் அவிழ்த்துவிட்டாளாம். அது செத்து மணலில் கிடந்தபோது குச்சி செருகிக் குடையாகப் பிடித்தாளாம்.

"செத்தாலும் சொறி கொட்டும், கரையில கெடந்தாலும் தொடாதீகன்னு சொல்றது அதுக்குத்தான். குடையில பட்ட மழைக்குச் சுளீர்னு ஏறிருச்சு. அன்னைக்கு ஓடுன மழைதான், இன்னும் ராமநாதபுரம் பக்கம் எட்டிப் பாக்கல."

செல்லக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷனின் முழுக்கைச் சட்டை, அதன்மேல் இன்னொரு சட்டை, சேலைக்குள் பேண்ட். இத்தனை வீரத்துக்கு எதற்கு இவ்வளவு துணி என்று கேட்டாள்.

"என்னையத் தொட்டா சொறி செத்துரும். பாவம்ல."

சொல்லிக்கொண்டே பூமயிலின் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தானை மாட்டினாள். பட்டுவிட்டால் தேய்க்காதே, நல்லதண்ணீர் ஊற்றாதே, ஒட்டிய நூலைத் துணி சுற்றிய விரலால் எடுத்துவிட்டுக் கடல்தண்ணீரிலேயே அலசு, மூச்சு முட்டினால் உடனே கையைத் தூக்கு என்றாள். இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

வள்ளம் நின்றது. செல்லக்கனி முதலில் குதித்தாள். அதுவரை வாயே திறக்காத பூமயில் மெல்லச் சொன்னாள்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குக்கா. எம் பயலுக்குப் பல்லு மொளைக்கிற நேரம். முந்தாநாள் ஒரு சொறி அவன் வாயில மாட்டிக்கிட்டு, அவன் கடிச்ச கடியில அலறி என்கிட்ட ஓடியாந்து, தாயி, தேய்க்காத, நல்லதண்ணி ஊத்தாத, கொஞ்சம் கடல்தண்ணி மட்டும்…"

"பூமயிலு, எறங்கு," என்று செல்லக்கனி கீழேயிருந்து கூப்பிட்டாள்.

சொறி பிழைத்ததா இல்லையா என்று களஞ்சியம் கேட்பதற்குள் பூமயில் குதித்துவிட்டாள்.