கொறங்காட்டுப் புல்லின் கோபம்

காங்கேயம் பக்கம் ஒரு மேட்டுக்காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல். அந்த மாதிரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். அந்தப் புல்லை யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. கோடையில் காய்ந்து கட்டையாகிவிடும். ஒரு மழை விழுந்தால் பழைய வேரிலிருந்தே துளிர்த்துவிடும். காட்டுக்குச் சொந்தக்காரர் செல்லமுத்து. அவருடைய செம்மறி அதைத் தின்றுதான் வருசா வருசம் குட்டிக்குப் பால் கொடுத்தது.

ஒரு வைகாசியில் வாசல் படலைப் பிரித்துப்போட்டு டிராக்டர் உள்ளே வந்தது. பின்னால் வட்டத் தகடுகள் கோத்த சட்டிக் கலப்பை. செல்லமுத்துவின் தோளில் மக்காச்சோள விதை மூட்டை.

மூட்டைக்குள்ளிருந்து விதை எட்டிப் பார்த்து, இத்தனை வருசம் நின்று ஒரு கதிராவது கொடுத்தாயா என்று புல்லைக் கேட்டது. சும்மா உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்று கலப்பை சிரித்தது.

புல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சும்மாவா? இந்த மண்ணு காத்துல போகாம புடிச்சுட்டு நிக்கறது யாரு, உங்கொப்பனா?"

கலப்பை மண்ணில் இறங்கியது. வேரையாவது விடச்சொல்லிப் புல் செல்லமுத்துவிடம் கெஞ்சியது. அவர் காதில் விழாத மாதிரி நின்றார். சாயங்காலத்துக்குள் வேரெல்லாம் வெயிலில் மல்லாந்து கிடந்தது. வேலியோரம், சட்டி எட்டாத இடத்தில், ஒரே ஒரு புல் தூர் தப்பியது.

முதல் வருசம் நல்ல மழை. மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது, தூரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியது. ஆடிக்காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. இனி என்ன செய்வதென்று செல்லமுத்து கலப்பையைக் கேட்டதற்கு, ஈரமிருந்தால் கூப்பிடு, வருகிறேன் என்றது.

செம்மறிக்கு மடி வற்றிப்போனது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்கப் புல்லுக்குக் கோபம்தான் ஏறியது.

அப்போதுதான் செல்லமுத்து ஆட்டையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு வேலியோரம் வந்து குத்தவைத்தார்.

"பழையபடி வந்துரு சாமி," என்றார்.

"நான் எங்கீங்க போனேன்? நீங்கதான் புடுங்கி வெயில்ல போட்டீங்க," என்றது புல். "வரேனுங்க. என் விதை விழுந்து முளைச்சு, வேரு ஆழமா எறங்க மூணு வருசமாகும். அதுவரைக்கும் கலப்பையும் வரக்கூடாது, ஒரு வாயும் மேயக்கூடாது."

செல்லமுத்து ஆட்டைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு இதுக என்னத்தத் திங்கும்?"

"அதை டிராக்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாலயே கேட்டிருக்கோணுங்க."