வெந்தய நிறம்

சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், குருவைவிடப் பதினோரு வயது மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் தணிகாசலம். பத்தொன்பது வருடம் புடவைக் கடையில் நின்றவர். கடை விடுமுறை நாட்களில் சினிமாவுக்கு ட்ராக் பாடுவார். அதாவது, பெரிய பாடகர் வரும்வரை அவர் இடத்தில் பாடி வைப்பது. பெரியவர் வந்து, அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். இப்படி அழிந்தவை நூற்றுப் பன்னிரண்டு. தணிகாசலம் எண்ணி வைத்திருந்தார்.

இப்போது அந்தக் கூடத்தின் பொறியாளர் ஜெசிந்தாவிடம் ஒலிப்பதிவு கற்கிறார். கணினித் திரையில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு நீளப் பட்டையாகக் கிடக்கும். தேடாமல் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அவற்றுக்கு நிறம் கொடுப்பது முதல் பாடம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் காலை முழுவதும் செய்தார்.

ஜெசிந்தா வந்து பார்த்தார்.

"மிருதங்கம் என்ன கலர் அண்ணே?"

"அரக்கு."

"நாலு வயலினும் ஒரே மாதிரி இருக்கே?"

"மயில்கழுத்தும்மா. ஒரே குடும்பம். பிரிச்சு வைக்கக் கூடாது."

"புல்லாங்குழல் பச்சை, சரி."

"கிளிப்பச்சை. வெறும் பச்சைன்னு ஒரு நிறம் எங்க கடையிலயே கிடையாது."

ஜெசிந்தா சிரித்தார். கடைசிப் பட்டைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"இது ஏன் சாம்பல்?"

"அது நான் பாடின ட்ராக்."

"அதான், ஏன் சாம்பல்?"

"நாளைக்கு அழியப்போறதுக்கு எதுக்கும்மா கலர்? சரணத்துல ரெண்டாவது அடி நடுவுல தப்பா ஒரு மூச்சு வாங்கிட்டேன். திருத்திப் பாடறேன்னு கேட்டேன். இருக்கப்போறதா என்ன, விடுங்கன்னுட்டார் மியூசிக் டைரக்டர்." பக்கத்திலிருந்த காபியைத் தொடாமல் நகர்த்தி வைத்தார். "நூத்துப் பன்னெண்டு பாட்டு. அதெல்லாம் எங்க போயிருக்கும்மா?"

"காபி ஆறுது, குடிங்க" என்றார் ஜெசிந்தா. "அந்தச் சாம்பலை மாத்திடுங்க. எனக்குக் கண்ணுல படல."

"என்ன கலர் வைக்கிறது?"

"உங்களுக்குப் பிடிச்சது."

மற்ற முப்பத்தொரு பட்டைகளுக்கும் சேர்த்து ஆன நேரம் இந்த ஒன்றுக்கு ஆயிற்று. கடைசியில் வெந்தய நிறம் வைத்தார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு அவர் எடுத்துக்கொடுத்த முதல் புடவையின் நிறம். குருவிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரிய பாடகர் வந்தார். தணிகாசலத்தின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நான்கு முறை கேட்டார். "யார் பாடினது? நல்லாருக்கு" என்றார். பதில் வருவதற்குள் மைக் அறைக்குள் போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் பாடி முடித்துக் கிளம்பினார். பாட்டு அருமையாக வந்திருந்தது. அதைத் தணிகாசலமே சொன்னார்.

"உங்க ட்ராக்கை எடுத்துடலாமா அண்ணே?"

"நானே எடுத்துடறேம்மா."

எடுத்தார். நூற்றுப் பதின்மூன்று. ஆனால் திரையில் வெந்தய நிறப் பட்டை ஒன்று இன்னும் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பெரிய பாடகரின் பட்டை.

"இவருக்கு நான் கலரே வைக்கலையே. நீங்க வச்சீங்களா?"

"இல்லையே. உங்க பட்டையைத்தான் நகல் எடுத்தேன். உள்ள இருந்த உங்க குரலை எடுத்துட்டு, அதுல அவரைப் பதிஞ்சேன். நகல் எடுத்தா கலர் கூடவே வந்துடும்."

"பெரிய மனுஷர். அவருக்கு எதுக்கு என் கலர்? மாத்திடறேன்."

மவுஸைப் பிடித்தார். ஜெசிந்தா சரணத்தை ஓடவிட்டார். முதல் அடி போயிற்று. இரண்டாவது அடியின் நடுவில், இருக்கக்கூடாத இடத்தில், பெரிய பாடகர் சின்னதாக ஒரு மூச்சு வாங்கினார்.

ஜெசிந்தா பாட்டை நிறுத்தினார்.

"மாத்துங்க அண்ணே. அந்த மூச்சுக்கு மட்டும் என்ன கலர்னு சொல்லிட்டு மாத்துங்க."

தணிகாசலம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.