காவலணுவின் நெஞ்சில் பதிந்த கை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் குடியிருக்கும் உயிரணுக்கள்கூட வாய் திறந்து பேசும். ரத்தத்தில் ரோந்து போகும் காவலணுக்களுக்கு அப்போது பகையை அறியக் கை ஒன்றுதான் வழி. கண்ட அணுவையெல்லாம் தொட்டுப் பார்ப்பார்கள். கிருமியின் வாடை கையில் பட்டால் போதும், விசாரணையே கிடையாது, வெட்டுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவர்களைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கவேண்டும்.

கொம்பையா அப்படி ஒரு காவலன். ஒரு காய்ச்சல் சமயம் கிருமிப்படை புகுந்தது. காவலர்கள் அடித்து நொறுக்கினார்கள். செத்த கிருமிகளின் துணுக்குகள் எங்கும் மிதந்தன. வெறி அடங்காமலே கல்லீரல் தெருவுக்குள் நுழைந்த கொம்பையா, மாடத்தி என்ற ஈரலணுவைத் தொட்டான். கிருமி வாடையில் கை சுரீரென்றது.

"அண்ணே, வெட்டிராதீக! மேல ஒட்டுன தூசி அண்ணே! நான் இந்த ஊர்க்காரிதான்!"

கைக்கு ஏது காது? வெட்டிவிட்டான். அவள் சரிந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குள்ளே கிருமியே இல்லை. அதற்குள், வெட்டும்போது அவன் போட்ட கூச்சலைக் கேட்டு வந்த காவலர்கள் தெருவையே வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்கடா! நம்ம சனம்டா!" என்று கத்தினான் கொம்பையா.

யாரும் கேட்கவில்லை. அவன் கூட்டாளி இசக்கிமுத்து மட்டும் திரும்பி அவனைத் தொட்டான். முகம் மாறியது. கொம்பையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மாடத்தியின் மேலிருந்த துணுக்கு இப்போது தன் மேல் ஒட்டியிருக்கிறது!

"ஏலே, நான்தாம்லே!"

"கை வேற சொல்லுதே" என்று இசக்கிமுத்து வாளை ஓங்கினான்.

கொம்பையாவின் பின்னால், தாய் விழுந்த இடத்தில் பதுங்கியிருந்தாள் மாடத்தியின் மகள். அடுத்த வெட்டு தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஓட வழியில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, இசக்கிமுத்துவின் நெஞ்சில் கையை வைத்து உயிரைக் கொடுத்து அழுத்தினாள். கை பதிந்த இடம் குழிந்தது. அவன் வெறி அப்படியே இறங்கிவிட்டது.

தப்பிப் பிழைத்தவர்கள் மற்ற காவலர்களின் நெஞ்சிலும் அப்படியே அழுத்தினார்கள். தெரு ஓய்ந்தது. தன் தாயைக் கொன்றவனை அந்தப் பெண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொம்பையா அழுதான். அழுது என்ன செய்ய?

அன்று முதல்தான் கை சுரீரென்றாலும், கிருமியை நேரில் கண்டறிந்த வேவுக்கார அணு வந்து "பகைதான்" என்று தோளைத் தட்டாமல் காவலணு வாளை எடுப்பதில்லை. ஊரார் நெஞ்சுக் குழியில் கைவைத்து அழுத்தினால் அடங்கியும் விடுகிறது. அந்தக் குழி இருக்கும் இடம் புற்றுநோய் அணுவுக்கும் தெரிந்துவிட்டது. அதுவும் வந்து அழுத்துகிறது, காவலன் அதை வெட்டாமல் தாண்டிப் போகிறான்.