ஒன்பது அழகு மிதவையும் ஒரு கோணல் மிதவையும்

அல்லிக்குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு முயல்தான் டீச்சர். பெயர் பவளம். கெட்டிக்கார டீச்சர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி! பக்கத்து மரத்தில் இலை உதிர்ந்தால்கூட, "ஐயோ, அதிகாரி வந்துட்டாரா?" என்று காதைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

அது வருஷக் கடைசி வாரம். அந்த வாரத்தில் டீச்சர்மார் படும் பாடு கொஞ்சமா? மரத்தில் ஒட்டிய படங்களைக் கிழியாமல் எடுக்க வேண்டும். சிப்பியில் முளைக்கப் போட்ட பயறை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அதில் பாதியை ஊசிமணி ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தது. ஊசிமணி ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. கேட்டால், "முளைச்சுதான்னு பார்த்தேன் டீச்சர்!" என்றது.

இதெல்லாம் போகட்டும். பெரிய வேலை, மிதவை.

நாலாம் வகுப்பு குளத்துக்கு அக்கரையில் இருந்தது. தினமும் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் கையாலேயே ஒரு மிதவை கட்ட வேண்டும். அதில் ஏறி, குளத்து நடுவில் நட்ட மூங்கிலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பினால் பாஸ். முழுகினால் இன்னொரு வருஷம் மூன்றாம் வகுப்பு.

பவளம் டீச்சர் ஒரு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். காய்ந்த நாணல் தண்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். கோரையைத் திரித்துக் கட்ட வேண்டும். "ஆனா கண்ணுங்களா, இறுக்கிக் கட்டாதீங்க! முடிச்சுக்குள்ள ஒரு எறும்பு புகுந்து வர்ற அளவு இடம் விடுங்க. தண்ணியில ஊறினா நாணல் பருத்துடும். இடம் இல்லைன்னா கோரை படார்னு அறுந்துடும்!"

பத்துப் பிள்ளைகளும் அப்படியே கட்டின. ஆனால் பார்க்க எப்படி இருந்தது? ஒன்று கோணல். ஒன்றுக்கு ஒரு பக்கம் நீளம். ஒன்றைத் தூக்கினால் லொடலொட என்று ஆடியது. மூஞ்சூறுக் குட்டி மின்னி கட்டியது எல்லாவற்றையும் விட மோசம். காக்கா கலைத்துப் போட்ட சுள்ளி மாதிரி கிடந்தது.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கிளி கொண்டுவந்து போட்டது.

"வெள்ளிக்கிழமை அதிகாரி கூழைக்கடா ஐயா நேரில் வருகிறார். போன வருஷம் உங்கள் வகுப்பில் இரண்டு மிதவைகள் முழுகின. இந்த வருஷமும் அப்படி நடந்தால் உங்களை முட்காட்டுப் பள்ளிக்கு மாற்றுவோம்."

பவளம் டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முட்காடு எங்கே இருக்கிறது? இரண்டு மலை தாண்டி! வளையில் இன்னும் கண் திறக்காத ஐந்து குட்டிகள் கிடக்கின்றன. அவற்றைக் கவ்விக்கொண்டு இரண்டு மலை ஏறுவதா? நடக்கிற காரியமா அது? அன்றிலிருந்து அவருக்கு அருகம்புல் தொண்டையில் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு ஆலமரத்தடிக்கு ஓடின. மிதவைகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. டீச்சர் அவற்றைப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வகுப்பு ஓணான் சார் வேலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது? மிதவையா, குப்பையா?"

"பிள்ளைங்க கட்டினது சார்."

"அட, பிள்ளைங்க கட்டினதை அப்படியே அதிகாரிகிட்ட காட்டுவாங்களா? உலகம் தெரியாதவரா இருக்கீங்களே! என் வகுப்புல எல்லாத்தையும் நான்தான் பிரிச்சுக் கட்டுவேன். இழுத்து இறுக்கிக் கட்டுங்க. பார்க்க லட்சணமா இருக்கணும்!"

"இறுக்கினா ஊறினதும் அறுந்துடுமே சார்?"

"மூங்கிலைத் தொட்டுட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ள எங்க ஊறப்போகுது? சும்மா கட்டுங்க, ஒண்ணும் ஆகாது!" என்று ஓணான் சார் தலையை ஆட்டினார். ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது!

டீச்சருக்குத் தெரியாததா? ஒரு மாதம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் பயம் வந்துவிட்டால் படித்தது எங்கே நினைவுக்கு வருகிறது? முட்காடு, முட்காடு என்று ஒரே எண்ணம். குடுகுடுவென்று ஓடினார். ஒவ்வொரு மிதவையாகப் பிரித்தார். நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைப் பல்லால் நறுக்கினார். காலால் மிதித்துக்கொண்டு முடிச்சுகளை இழுத்து இறுக்கினார். எறும்பு என்ன, எறும்பின் மீசைகூட நுழைய முடியாது!

ஒன்பது முடிந்தது. பத்தாவதைக் காணோம். திரும்பிப் பார்த்தால், மின்னி தன் மிதவையின் மேலேயே உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"மின்னி, அதைக் கொஞ்சம் குடு கண்ணு. டீச்சர் சரி பண்ணித் தர்றேன்."

"வேணாம் டீச்சர். இது நான் கட்டினது."

"கோணலா இருக்கே கண்ணு?"

"இருக்கட்டும் டீச்சர். நேத்து இதுல நான் ஏறிப் பார்த்தேன். மிதக்குது!"

டீச்சர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வானத்தில் பெரிய நிழல் ஒன்று வந்தது. கூழைக்கடா ஐயா தொப்பென்று கரையில் இறங்கினார். சாப்பாட்டை முடித்த பிள்ளைகள் ஓடிவந்து ஐயாவையே பார்த்துக்கொண்டு நின்றன, மிதவைகளைக் கவனிக்கவில்லை.

"ஐயா, வாங்க வாங்க!" என்று ஓணான் சார் முந்திக்கொண்டார்.

கூழைக்கடா ஐயா தொங்கும் அலகுப் பைக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்தார். மிதவைகளைப் பார்த்தார். "அடேயப்பா! பிரமாதம்! மூணாம் வகுப்புப் பிள்ளைங்க கட்டினதா இது?"

ஓணான் சார் தலையாட்டினார்.

"சரி, மிதவைகளைத் தண்ணியில விடுங்க. பிள்ளைங்க வரிசையா நில்லுங்க. அதுக்கு முன்னாடி நான் ரெண்டே வார்த்தை பேசிடறேன்!"

ரெண்டே வார்த்தை! விழாவில் ரெண்டே வார்த்தை பேசுகிறேன் என்று எழுந்தவர் என்றைக்காவது ரெண்டு வார்த்தையோடு உட்கார்ந்தது உண்டா?

"அன்பான பிள்ளைகளே! நான் குஞ்சாக இருந்த காலத்தில்..." என்று ஐயா தொடங்கினார். குஞ்சாக இருந்ததைச் சொன்னார். இறகு முளைத்ததைச் சொன்னார். முதல் மீன் பிடித்ததைச் சொன்னார். அந்த மீன் நழுவிப் போனதைத் தனியாகச் சொன்னார்.

மிதவைகள் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தன.

டீச்சருக்குக் காது நுனிவரை வியர்த்தது. நாணல் கொஞ்சம் பருத்துவிட்டதோ? ஆமாம், பருத்துவிட்டது! கோரை விறைத்துக்கொண்டு நிற்கிறதே! 'போய் நிறுத்தச் சொல்லிடலாமா? ஐயா, ஒன்பதையும் நான்தான் பிரிச்சுக் கட்டினேன்னு சொல்லிடலாமா? சொன்னா முட்காடு. சொல்லலைன்னா? ஐயோ, பிள்ளைங்க ஏறப்போகுதே!'

"சார், ஊறிடுச்சு சார்!" என்று ஓணான் சாரின் வாலைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம இருங்க. ஒண்ணும் ஆகாது!" என்று அவர் அதற்கும் தலையாட்டினார்.

"...ஆகவே, தன் கையே தனக்கு உதவி என்று கூறி விடைபெறுகிறேன். ஏறுங்க பிள்ளைங்களா!"

"ஹே!" என்று பத்துப் பிள்ளைகளும் பாய்ந்தன. டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் பத்து மிதவைகளும் கரையை விட்டு நகர்ந்துவிட்டன.

ஊசிமணிதான் முன்னால் போனது. அணில் குட்டி வரியன் வாலால் துடுப்புப் போட்டுக்கொண்டு பின்னால் போனது. மின்னி எல்லோருக்கும் கடைசி. அதன் கோணல் மிதவை நேராகப் போகாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. ஓணான் சார் சிரித்தார்.

படார்!

ஊசிமணியின் மிதவையில் முதல் முடிச்சு அறுந்தது. படார், படார்! வரியனின் மிதவை இரண்டாகப் பிரிந்தது. நாணல் தண்டுகள் நாலாபக்கமும் சிதறின.

"டீச்சர்! முழுகறேன் டீச்சர்!"

"காப்பாத்துங்க டீச்சர்!"

"ஐயோ, என் பிள்ளைங்க!" பவளம் டீச்சர் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். முயலுக்கு நீச்சல் சுமார்தான். ஆனாலும் குதித்தார். தத்தளித்துக்கொண்டே போய் ஒரு எலிக்குட்டியின் காதைப் பிடித்தார்.

"வரியா, என் மிதவையைப் பிடி! ஊசிமணி, நீயும் பிடி! முள்ளை மடக்கிக்கோ!" என்று மின்னி கத்தியது. கோணல் மிதவை ஆடியது, சாய்ந்தது. ஆனால் அறுந்துபோகவில்லை.

மற்ற பிள்ளைகள்? கூழைக்கடா ஐயா பறந்து வந்து தண்ணீரில் விழுந்தார். பெரிய அலகைத் திறந்து, சளப், சளப் என்று ஆறு குட்டிகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, அதிகாரி எங்களைத் தின்னுட்டாரு!" என்று உள்ளிருந்து ஒரே கூச்சல்!

கரைக்கு வந்து ஐயா வாயைத் திறந்தார். ஆறு குட்டிகளும் நனைந்த பதிவேடும் புல்லில் வந்து விழுந்தன. மின்னியின் மிதவை இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தது. டீச்சர் எலிக்குட்டியோடு தவழ்ந்து ஏறினார். ஒன்று, இரண்டு என்று நடுங்கி நடுங்கி எண்ணினார். பத்தும் இருந்தன. ஓவென்று அழுதுவிட்டார்.

கூழைக்கடா ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ன இது? ஏன் அறுந்தது?"

"பிள்ளைங்க ஒழுங்கா கட்டலை ஐயா. டீச்சர் மேல தப்பே இல்லை!" என்றார் ஓணான் சார். டீச்சரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"அப்படியா?" ஐயா ஈரப் பதிவேட்டைப் பிரித்தார். "அப்போ ஒன்பது பேர் ஃபெயில். இன்னொரு வருஷம் மூணாம் வகுப்பு. பிள்ளைங்க சொன்னபடி கட்டலைன்னா பாவம், டீச்சர் என்ன பண்ணுவாங்க?"

ஊசிமணியின் கண்ணில் நீர் முட்டியது. "இல்லை ஐயா! டீச்சர் சொன்ன மாதிரிதான் கட்டினேன். எறும்பை விட்டுக்கூடப் பார்த்தேன். அது புகுந்து வந்துச்சு ஐயா! எனக்குத்தான் ஏதோ கட்டத் தெரியலை போல இருக்கு..."

அதைக் கேட்டதும் பவளம் டீச்சருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல ஆயிற்று. வாயைத் திறக்காவிட்டால் வேலை பிழைக்கும். குட்டிகளோடு இங்கேயே இருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை தனக்குக் கட்டத் தெரியாது என்றே நம்பிவிடுமே! அப்புறம் ஆயுசுக்கும் மிதவையைத் தொடுமா?

"ஐயா, நிறுத்துங்க! எழுதாதீங்க!" டீச்சர் கை கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "பிள்ளைங்க சரியாத்தான் கட்டிச்சுங்க. சாப்பிடப் போன நேரத்துல நான்தான் பிரிச்சு இறுக்கிக் கட்டினேன். பார்க்க அழகா இருக்கணும்னு கட்டினேன். இடமாற்றத்துக்குப் பயந்துட்டேன் ஐயா. ஃபெயில் போடணும்னா எனக்குப் போடுங்க."

ஓணான் சார் முதல் முறையாகத் தலையாட்டாமல் இருந்தார்.

"மின்னியோடது?" என்று கேட்டார் ஐயா.

"அது ஒண்ணுதான் நான் தொடாதது. அதான் மிதந்துச்சு."

கூழைக்கடா ஐயா சிதறிக் கிடந்த நாணலைக் காட்டி, "பிள்ளைங்களா, இப்ப என் கண்ணு முன்னாலேயே கட்டுங்க பார்ப்போம். டீச்சர், நீங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க!" என்றார்.

ஒன்பது பிள்ளைகளும் உட்கார்ந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோரை திரித்தன. ஊசிமணி தன் முள்ளாலேயே முடிச்சைத் தளர்த்தியது. டீச்சரின் கை தானாக நீண்டது. ஐயா முறைத்தார். கை பின்னால் போனது. ஒரு முடிச்சு வழுக்கும்போதெல்லாம் டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கோணலும் மாணலுமாக ஒன்பது மிதவைகள் எழுந்தன. இந்த முறை ஐயா பேசவில்லை. அவரே முன்னால் நீந்தினார். மின்னியும் சேர்ந்து பத்துப் பிள்ளைகளும் இடித்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் போய், மூங்கிலைத் தொட்டு, மூக்கு நுனியில்கூட மறுபடி ஈரம் படாமல் கரைக்கு வந்து சேர்ந்தன.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். 'முட்காடுதான். இனி என்ன, குட்டிகளைத் தூக்க வேண்டியதுதான்' என்று மனசுக்குள் மலையை ஏற ஆரம்பித்துவிட்டார்.

கூழைக்கடா ஐயா பதிவேட்டில் எழுதி, உரக்கப் படித்தார்.

"பிள்ளைகள் பத்துப் பேரும் பாஸ். பவளம் டீச்சர் மட்டும் ஃபெயில். அவர் இதே பள்ளியில், இதே மூன்றாம் வகுப்பில், இன்னொரு வருஷம் இருந்து பாடம் படிக்க வேண்டும்!"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஓடிவந்து மேலே விழுந்தன.

"அழாதீங்க டீச்சர்! அடுத்த வருஷம் நீங்களும் பாஸாயிடுவீங்க!" என்றது மின்னி.

பிள்ளை தன் கையால் கட்டிய கோணல்தான் அதைக் கரை சேர்க்கும். பெரியவர் பயந்து கட்டிக்கொடுத்த அழகு நடுக்குளத்தில் கைவிட்டுவிடும்.