இரண்டு கோப்புக்கு ஒரே மை

கதை கேட்கிறவர்கள் நடுவில் கண்ணயர்ந்தாலும் பாதகமில்லை. தீர்ப்புச் சொல்ல எழுந்துவிட்டால் போதும்.

ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பூமிநாதன் என்றோர் எழுத்தர் இருந்தார். இருபத்தாறு வருடச் சேவை. அவர் கொட்டாவி விட்டால் மின்விசிறி எதிர்த்திசையில் சுற்றும் என்பார்கள். அங்கே செங்கமலம் என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் ஏன் ஓடிப்போகிறார்கள் என்பது அவள் ஆய்வு. அனுமதிக்குப் பதினான்கு மாதம் அலைந்தாள். மேசைக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் கடிதம் வந்தது, நிபந்தனையோடு: "எந்தக் குழந்தையின் அடையாளத்தையும் தேடக்கூடாது. தானாகத் தெரியவந்தால் வெளியாரிடம் சொல்லக்கூடாது. மீறினால் அனுமதி ரத்து, குறிப்புகள் பறிமுதல்." கையெழுத்துப் போட்டாள்.

வேலை பூமிநாதன் தலையில் விழுந்தது. நூற்றிருபது கோப்புகளை நகலெடுத்து, பெயர் வரும் இடமெல்லாம் கறுப்பு மை பூசி, எண் மட்டும் போட்டுத் தரவேண்டும். பங்குனி வெயிலில் உட்கார்ந்து பூசினார். பதினாலாம் கோப்பில் ஏழு வயதுப் பெண். தகப்பன் சங்கிலிமாடன், தாய் பொன்னுருவி, இருவரும் இறந்துவிட்டார்கள். அறுபத்தொன்றாம் கோப்பில், வேறோர் இல்லத்தில், ஐந்து வயதுப் பையன். அதே சங்கிலிமாடன், அதே பொன்னுருவி. அவர் கை ஒரு நொடி நின்றது. "பூசச் சொன்னாங்க, படிக்கவா சொன்னாங்க?" என்று தனக்குத்தானே முணுமுணுத்து, இரண்டையும் கறுப்பாக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நகல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, அறுபத்தொன்று செங்கமலம் கைக்கு வர ஐப்பசி ஆகிவிட்டது. அன்று இரண்டு நகல்களோடு பூமிநாதன் மேசைக்கு வந்தாள். பதினாலில் அந்தப் பெண் சொல்லியிருந்தது: "இடி இடிச்சா தம்பி காத நான் பொத்துவேன், என் காத அவன் பொத்துவான்." அதன் கீழே, "தம்பி இருக்குமிடம் தெரியவில்லை" என்று எழுதி முடித்திருந்தார்கள். அறுபத்தொன்றில் காப்பாளர் குறிப்பு: "இடி இடிக்கும்போது பக்கத்துப் பிள்ளைகளின் காதைப் பிடிக்கிறான். கண்டிக்கப்பட்டது."

பதினாலோடு சேர்க்கச் சொல்லி, பெயர் மறைத்த புதுத் தாள் ஒன்றும் அன்று அவள் கைக்கு வந்திருந்தது. வருகிற திங்களன்று அந்தப் பெண் வடக்கே ஒரு குடும்பத்துக்குத் தத்துப் போகிறாள்.

வாயைத் திறந்தால் மூன்று வருட உழைப்பு போகும். செங்கமலம் இரண்டு நகல்களையும் அவர் முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, பதினாலுக்கும் அறுபத்தொண்ணுக்கும் ஒரே அளவு மை செலவாயிருக்கே."

"மை விக்கிறவன்கிட்ட கேளும்மா."

"கேக்கலாம்ணே. திங்கக்கிழமைக்குள்ள பதில் வருமா?"

பூமிநாதன் எழுந்தார். அசல் கோப்புகள் இரண்டையும் எடுத்து, ஒரே நாடாவில் கட்டி, அதிகாரி ஸ்டெல்லா பாக்கியத்தின் முன் வைத்தார்.

"என்னய்யா, ரெண்டு இல்லத்து ஃபைல ஒரே கட்டாக் கட்டியிருக்கீங்க?"

"பிரிஞ்சு கெடந்துச்சு மேடம்."

அதிகாரி படித்தார். உடனே தொலைபேசியை எடுத்துத் தத்தை நிறுத்தினார். அக்காவையும் தம்பியையும் ஒரே இல்லத்துக்கு மாற்றச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "நீங்களாக் கண்டுபிடிச்சீங்களா? நம்புற மாதிரி சொல்லுங்க" என்றார். பூமிநாதன் வெளியே செங்கமலம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். அவ்வளவுதான். மாலைக்குள் அனுமதி ரத்து; குறிப்புகள் பறிமுதல்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் திறந்தவள் செங்கமலம். கண்டும் கறுப்படித்து, கடைசியில் கட்டிக் கொடுத்தவர் பூமிநாதன். பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, சேரக் காரணமானவளை வெளியே அனுப்பியவர் ஸ்டெல்லா பாக்கியம். இதில் பெரிய தப்பு யாருடையது?

விடை: செங்கமலம் மேல் தப்பே இல்லை. அவள் தேடவில்லை, தானாகத் தெரிந்தது. வெளியாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பெயர்களைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலகத்திடமே சொன்னாள். கடிதத்தை இன்னொரு முறை படிக்காமல் ரத்து செய்தது அதிகாரியின் தப்பு. அதை மேல்முறையீட்டில் திருத்தலாம். பெரிய தப்பு பூமிநாதனுடையது. அவர் வாயை எந்த நிபந்தனையும் கட்டவில்லை. ஏழு மாதம் சும்மா இருந்தார். அந்த ஏழு மாதத்தை எந்த மேல்முறையீடும் திருப்பித் தராது. செங்கமலத்தின் மேல்முறையீட்டு மனு முதலில் அவர் மேசைக்குத்தான் வந்தது. அதன் அடியில், "பங்குனியிலேயே எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். அலுத்துக்கொண்டேதான் போட்டார், ஆனால் போட்டார்.