செம்பி உதறிய புல்

அந்தக் காலத்தில் மாடும் குதிரையும் மனுஷரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிய வாழ்ந்தார்கள். மாட்டுக்குப் போடுவது போலவே குதிரைக்கும் தரையில்தான் புல்லைக் குவித்துப் போடுவார்கள். ஒரு தாள் மிச்சம் வைக்காமல் அதுவும் தின்றுவிடும்.

ஏரிக்கரையில் வீரணன் என்பவனிடம் செம்பி என்றொரு குதிரை இருந்தது. அது குட்டி போட்ட பத்தாம் நாள், காலையில் போட்ட புல்லுக்குள் ஒரு விரியன் சுருண்டிருந்தது. குட்டியின் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். செம்பி காலை உதைத்ததும் பாம்பு சுவரோரமாக வழுக்கிப் போய்விட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை.

அதிலிருந்து செம்பிக்குப் புல்லைக் கண்டாலே சந்தேகம். புல் தானாகவா வந்தது? வீரணன்தானே அள்ளி வந்து போட்டான்? அவன் கைக்குத் தெரியாமலா அது உள்ளே படுத்திருந்தது? அவனிடம் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. புல்லை முன்காலால் கிளறி, மூக்கால் தள்ளி, கொட்டில் முழுக்க இறைத்துப் பார்த்த பிறகுதான் நாலு வாய் எடுக்கும். மிதிபட்டு மூத்திரத்தில் நனைந்ததை மோந்துகூடப் பார்க்காது.

பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற மயிலைப் பசுவுக்குச் சிரிப்பு. "ஏண்டி, சோத்துல கல்லு பொறுக்கற மருமக மாதிரி பண்ற? நான் பாரு, முழுங்கிட்டு அப்புறந்தான் யோசிப்பேன்."

"உனக்கென்னக்கா, முழுங்கினதத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்துடுவ. எனக்கு உள்ள போனா போனதுதான்" என்றது செம்பி.

வீரணனுக்கோ வேறு சந்தேகம். குதிரைக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்தான். கோடை தொடங்கி ஒரு மாதம்தான். அதற்குள் புற்போர் பாதியாகிவிட்டது. இப்படியே போனால் மழைக்கு முன் போர் தீர்ந்துவிடும், குட்டியைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னது செம்பியின் காதில் விழுந்தது. மறுநாள், இறைக்க முடியாதபடி புல்லைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாகப் போட்டான்.

செம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. எதை மறைக்க இவ்வளவு இறுக்கம்? இரண்டு நாள் கட்டில் வாய் வைக்கவில்லை. மடி வற்றியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்தது.

மூன்றாம் நாள் வீரணன் பெண்டாட்டி செவந்தி கைப்பிள்ளையோடு சாணி அள்ள வந்தாள். உத்தரத்தில் தொங்கிய தூளியில் பிள்ளையைப் போடுமுன், துணியை அவிழ்த்து மூன்று தரம் உதறினாள்.

"எதுக்கு உதறுற?" என்று கேட்டது செம்பி.

"பூரான் கீரான் இருந்தா? பிள்ளையப் போட்ட பிறகா பாக்கறது?"

"நானும் அதுக்குத்தான் உதறுறேன்" என்றது செம்பி.

செவந்தி அரிவாளை எடுத்துப் புல்கட்டை அறுத்தாள். நடுவில் பளபளவென்று ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. சத்தம் கேட்டு வந்த வீரணன் அதைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாது புள்ள" என்றான். செம்பி நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செவந்தி வலைக்காரர் வீட்டுப் பெண். தாய்வீட்டிலிருந்து வந்த பழைய மீன்வலையில் புல்லைப் பிடி பிடியாக உதறிப் போட்டு, வாயை முடிந்து, கால் சிக்காத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். செம்பி ஒரு பக்கம் நின்று கண்ணி வழியே பார்த்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தது. எங்கிருந்து பார்த்தாலும் உள்ளே வெளிச்சம், ஒளிய இடமில்லை. ஒரு தாளை இழுத்து மென்றது. பிறகு இன்னொன்று. சாயங்காலம் தரையில் ஒரு பிடிகூடக் கிடக்கவில்லை.

மழை வரும்வரை புற்போர் தாங்கியது. குட்டி தாயோடே இருந்தது.

அன்று முதல்தான் குதிரைக்குப் புல்லை வலையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தரையில் போட்டால் அது இன்றைக்கும் கிளறி இறைத்துவிடும். வலையிலேயே போட்டாலும், கட்டிய கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், முதல் வாய் எடுக்குமுன் புர்ரென்று ஒரு மூச்சு ஊதிப் பார்த்துக்கொள்ளும்.